இடுப்பு வலியோடு தெப்பக்குளத்தைச் சுற்றுதல்

விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுவதும், ஞாயிறுதோறும் அழகர்மலையில் நூபுரகங்கை வரை ஏறுவதும் எனக்குப் பல்லாண்டுப் பழக்கம். ஆறு மாதங்களுக்கு முன்பு, லாரித் தண்ணீர் பிடித்து வைத்த குடத்தைக் குனிந்து தூக்கிய நொடியில் இடுப்பில் சுருக்கென்று பிடித்த வலி இன்றுவரை முழுமையாக விலகவில்லை. காலையில் செருப்பு வாரை மாட்டுவதற்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பத்து நாள் அசையாமல் படுத்துக் கிடந்ததுதான் நான் செய்த பெரிய தவறு. முதுகைத் தாங்கும் தசைகள் அதனால் மேலும் வலுவிழந்தன. இடுப்புப் பகுதியின் 5 முள்ளெலும்புகள் உடலின் மேற்பாரத்தைச் சுமக்கின்றன என்றும், வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் துணைநின்றால்தான் அந்தப் பாரம் பகிரப்படும் என்றும் விளக்கிய பிசியோதெரபிஸ்ட், ஓட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு நடையாக மாற்றிக்கொள்ளத்தான் சொன்னார். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர்க் கட்டுப்பாடு தவறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்றும் எச்சரித்தார்.

இப்போது தெப்பக்குளத்தை நடந்தே இரண்டு முறை சுற்றுகிறேன். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ஆளுக்கொரு தைலம் சொல்கிறார்கள் (தேய்க்கும்போது சுகம், அவ்வளவே). அலுவலக நாற்காலியிலிருந்து அரை மணிக்கொருமுறை எழுந்து நிற்பது அவற்றைவிடப் பலன் தருகிறது. குடத்தை முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்தே தூக்குகிறேன். அழகர்மலைக்கு இன்னும் போகவில்லை.