தங்கக் கரைசலும் வாவிக்கரைத் தண்ணீரும்

இறுதியாண்டு ஆய்வில் உயிர்க்கலத்துக்குள் எவ்வளவு அமிலம் என்று அளக்க, தங்கத்தில் நனோ துணிக்கைகள் (கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள்) செய்யப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "எத்தனை பவுண் புள்ள?" நான் எடுத்தது 50 மில்லிலீற்றர் தண்ணீரில் 5 மில்லிகிராம் தங்கக் குளோரைட்டு. தோட்டுத் திருகாணிக்கும் காணாது.

செய்முறை சுலபம். கொதிக்கும் கரைசலில் 1 சதவீத சோடியம் சிற்றேற்று 1 மில்லிலீற்றரை ஒரேயடியாக ஊற்ற வேண்டும். இளமஞ்சள் போய், சற்று நேரம் சாம்பல் நீலமாக நின்று, பிறகு மாதுளஞ்சாறு மாதிரிச் சிவக்க வேண்டும். எனக்கு வந்ததோ கத்தரிக்காய்த் தோல் நிறம். அதுவும் மூன்று தரம்! விடிந்து பார்த்தால் அடியில் கறுப்பாகப் படிந்து கிடக்கும். தராசைக் குற்றம் சொன்னேன், புதுப் போத்தல் உடைத்தேன்.

ஆய்வுகூட அண்ணன் முகவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எதில கழுவின நீங்க?" என்றார். குழாயில்தான். மட்டக்களப்பில் வாவிக்கரைக் கிணற்றிலிருந்து வரும் தண்ணீர். தேநீர் போட்டாலே கரிக்கும். சிற்றேற்று தரும் மறையேற்றத்தால்தான் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. உப்பு சேர்ந்தால் அந்தத் தள்ளல் எடுபடாது, ஒட்டிவிடும், நிறமும் நீலப்பக்கம் போய்விடும். தங்கத்தையே கரைக்கும் இராஜதிராவகத்தில் ஊறவைத்து, காய்ச்சிவடித்த தண்ணீரில் அலசிய பிறகு சிவந்தது. ஒளி உறிஞ்சல் உச்சம் 520 நனோமீற்றரை ஒட்டி நின்றது, ஒட்டாத துணிக்கைகளுக்கு உரிய இடம்.

லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்து மூலக்கூறை அறியும் ராமன் கருவி எங்களிடம் இல்லாததால் கொழும்புக்கு இரவு பஸ். ஐஸ் வைக்கச் சொன்ன அம்மாவைத் தடுத்தேன். உறைந்தால் மறுபடி ஒட்டிவிடும்.

அங்கிருந்த ஆய்வு மாணவி அக்கா துணிக்கைகளில் மேர்கப்டோபென்சோயிக் அமிலத்தை ஏற்றி, கலங்களை வளர்க்கும் கரைசலின் உப்பு தாக்காமல் அல்புமின் புரதத்தால் மூடி, கலங்களோடு ஒரு நாள் விட்டார். அந்த அமிலத்தின் ராமன் கோடுகளில் (சிதறிய ஒளியின் பதிவில் எழும் முகடுகள்) 1400 cm⁻¹ பக்கத்துக் கோடு, சுற்றுப்புறம் அமிலமாக ஆகக் குட்டையாகும். கலத்தைக் கொல்லாமலே உள்ளே எவ்வளவு அமிலம் என்று பார்க்கலாம்.

லேசரைக் கண்ட இடமெல்லாம் வைத்தோம், ஒன்றுமில்லை. கலத்தின் கருவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளியில் வைத்ததும் கோடுகள் விறுக்கென்று எழுந்தன. "ஒட்டியிருக்கு, நல்லது" என்றார் அக்கா. நல்லதா? எனக்குச் சிரிப்பு வந்தது. கலம் துணிக்கைகளை விழுங்கி, தன் அமிலப் பைகளான லைசோசோம்களில் குவிக்கிறதாம். அவை நெருங்கும் இடுக்கில்தான் சைகை பல்லாயிரம் மடங்கு பெருகுமாம்.

1400 கோடு குட்டை. பீஎச் 5 பக்கம், அமிலம்தான் என்றார் அக்கா. ஆனால் கோட்டின் உயரத்தைப் பீஎச்சாக மாற்றும் அளவீட்டு வளைகோட்டுக்கு நான் கொண்டுபோனவை, பீஎச் தெரிந்த இரண்டே தாங்கற் கரைசல்கள். சரி என்று ஊர் திரும்பி இன்னும் ஆறு செய்துகொண்டு மறுபடி பஸ் ஏறினேன்.