வயிற்றுவலி என்று சொன்ன கதை

ஜேர்மனிக்கு வந்த முதல் வருடம் எனக்காகக் கதைத்தது என் பெறாமகள். கணவரின் அண்ணன் மகள், அப்போது வயது 11. பெண்நோய் மருத்துவரிடம் போகும்போதும் அவள்தான் கூட வந்தாள். மாதவிலக்கு இரண்டு கிழமையாக நிற்கவில்லை என்பதை அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? "வயிறு நோகுது எண்டு சொல்லம்மா" என்றேன். அவளும் அப்படியே சொன்னாள். வயிற்றுவலிக் குளிசையோடு வீட்டுக்கு வந்தேன்.

டொய்ச், அதுதான் ஜேர்மன் மொழி, எனக்குத் தெரியவே தெரியாது என்றில்லை. கலியாண விசாவுக்காகக் கொழும்பு கோத்தே நிறுவனத்தில் ஏ1 என்ற தொடக்கநிலைப் பரீட்சை எழுதி, நூற்றுக்கு 60 எடுத்தால் சித்தி என்ற இடத்தில் 71 எடுத்தவள்தான். ஆனால் அது பாடமாக்கிய மொழி. பெயர், வயது, ஊர், பொழுதுபோக்கு. சமையல் என்றால் மேற்கொண்டு கேள்வி வருமோ என்ற பயத்தில் வாசிப்பு என்று ஒப்புவித்தேன். இங்கே வந்தபின் என் பொழுதுபோக்கை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் குளிசை முடிந்த கிழமையே, குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் பெயர் கொடுத்தேன். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலில் ஒரு அன்ரி கேட்டார்: "பிள்ளை, உமக்கேன் இப்ப பள்ளிக்கூடம்? அவர் இருக்கிறார்தானே?" எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் சட்டத்தைத் திருத்தியிருந்தும், அவருக்கு அலுவலகக் கடிதம் சிங்களத்தில்தான் வரும். ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர் வீட்டுக்குச் சைக்கிளில் கொண்டுபோவார். எங்கள் வீட்டுச் சங்கதி எல்லாம் முதலில் மாஸ்டருக்குத்தான் தெரியும்.

மொழிக்கு 600 பாடவேளை, நாட்டுச் சட்டம், வரலாற்றுக்கு 100. ஒவ்வொன்றும் 45 நிமிடம். பக்கத்தில் சிரியாக்காரி, எதிரே எரித்திரியாக்காரர், பின்னால் உக்ரைன் பாட்டி. எங்களுக்குப் பொதுவாக இருந்தது உடைந்த டொய்ச் மட்டும்தான். அதனாலேயே அது கதைக்க வந்தது. மேசை ஆண்பாலாம், முன்னால் 'டேர்' போட வேண்டும்; விளக்கு பெண்பாலாம், அதற்கு 'டி'; சிறுமி மட்டும் இரண்டும் இல்லையாம்! ஆனால் 'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் வசனத்தின் கடைசிக்குப் போய்விடும். சிரியாக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ அது வீட்டுக்கு வந்தது போல் இருந்தது. நேரம் சொல்வதில்தான் மாட்டிக்கொண்டேன். 'ஹால்ப் ஃபுன்ஃப்', அரை ஐந்து, என்றால் நாலரை. நான் ஐந்தரைக்குப் போய் நின்றேன். கிளினிக்கில் கதவு பூட்டு.

அது நானே போன் எடுத்து வாங்கிய முதல் நேரம். போன் பொல்லாதது, கையைக் காட்டிக் கதைக்க முடியாது. சரி, மறுநாள் திரும்ப எடுத்தேன். என்ன விஷயம் என்று கேட்டார்கள். 'பிளூட்டுங்', இரத்தப்போக்கு, என்றேன். பஸ் தரிப்பிடத்தில் நின்று, சத்தமாக. எத்தனை நாள், எவ்வளவு என்று எல்லாம் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன்: இதை அம்மாவிடம்கூடக் குரலைத் தாழ்த்தித்தானே சொல்லியிருக்கிறேன்! தமிழில் அந்தச் சொல்லோடு சமையலறையின் குசுகுசுப்பும் சேர்ந்தே வரும். டொய்ச்சில் அது வெறும் சொல். டொய்ச் கதைக்கும் நான் கொஞ்சம் வெட்கம் கெட்டவள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

கருப்பையில் கட்டி, 'மியோம்' என்றார் மருத்துவர். விளங்காத இடத்தில் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

பரீட்சையும் முடிந்தது. எழுத்தில் ஏ1க்கு அடுத்த படியான ஏ2தான். கதைப்பதிலும், கேட்டல் வாசிப்பிலும் அதற்கு மேற்படியான பி1 வந்ததால் மொத்தம் பி1 என்று சான்றிதழ் தந்தார்கள். நாட்டைப் பற்றிய 33 கேள்விகளில் 30 சரி. அது பாடமாக்கினால் போதும், பெருமைப்பட ஒன்றுமில்லை.

பெறாமகளுக்கு இப்போது 15. அன்றைக்கு உண்மையில் என்ன நோவு என்று போன மாதம் கேட்டாள். டொய்ச்சிலேயே சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "'டேர்' இல்லை சித்தி, 'டி பிளூட்டுங்'" என்று திருத்தினாள்.