இரண்டு வருடம் பிந்திய நேர்த்தி

நேர்த்தி வைத்தது 2022 ஏப்ரலில். நிறைவேற்றப் போனது 2024 பங்குனியில். இடையில் போன இரண்டு வருடமும் மாமி ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்தினார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். வெள்ளிக்கிழமை தவறாமல் ஞாபகப்படுத்தினார். "கடைக்காரன்ர கடனை நாளைக்குக் குடுக்கலாம் பிள்ளை, அம்பாளின்ர கடனைத் தள்ளிப் போடக் கூடாது." எனக்கும் தெரியாததில்லை. ஆனால் அப்போது கடைக்காரர், வீட்டுக்காரர், அடைவுகடைக்காரர் என்று வரிசையாக நின்றார்கள். வாசலில் வந்து நிற்காத ஒரே கடன்காரி அவள்தான். அதனால் அவளையே கடைசியில் வைத்தோம்.

மட்டக்குளியில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறோம். இவர் செட்டியார் தெருப் பக்கம் ஒரு பட்டறையில் நகை வேலை. நாடே வங்குரோத்தான 2022இல் எங்கள் நிலைமை எப்படி இருந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டொலர் ஏற ஏறப் பவுண் விலையும் ஏறியது. அதைக் கேட்டு ஊரில் இருக்கும் சொந்தங்கள், "உங்களுக்கென்ன, தங்கத்தோட வேலை" என்றார்கள். தங்கம் ஏறினால் புது நகைக்கு ஓடர் வராது, விற்கத்தான் சனம் வரும் என்பது பட்டறையில் குந்தியிருப்பவனுக்குத்தான் தெரியும். கிழமைக்கு ஆறு நாள் வேலை இரண்டு நாளானது.

வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, பின்னேரம். கரண்ட் இல்லை. மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வெட்டினார்களே, அந்தளவுக்கு இல்லை, ஆனாலும் இருட்டு இருட்டுத்தான். இவர் விடியற்காலையில் வெற்று சிலிண்டரோடு காஸ் வரிசைக்குப் போனவர். ஏழு மணி போல கீழே இருந்து சத்தம் கேட்டது: "தம்பி, காஸ் கிடைச்சிட்டுதடா!"

பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. சந்தோஷத்தில் இருட்டுப் படியில் ஓடினான்.

அதற்குப் பிறகு நான் கேட்டது சிலிண்டர் உருண்ட சத்தம். பிள்ளை விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

இடது கை முழங்கையில் வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. கீழ் வீட்டு அண்ணன் சிங்களவர், ஓட்டோ ஓட்டுகிறவர். முதல் நாள் இரவெல்லாம் வரிசையில் கிடந்து பெற்றோல் அடித்து வைத்திருந்தார். அந்தப் பெற்றோல்தான் அவர்கள் வீட்டுக்கு அடுத்த நாலு நாள் சாப்பாடு. ஒன்றும் கேட்காமல் ஓட்டோவை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இவர் நடுங்கிற கையால் காசு நீட்ட, "எப்பா நங்கி, எப்பா", வேண்டாம் தங்கச்சி, வேண்டாம் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு உடைந்து விலகியிருக்கிறது, அது இரத்தக் குழாயை நெரிக்கலாம், காலையில் தியேட்டருக்கு எடுப்போம் என்றார்கள். ஒரு சின்ன டொக்டர், சிங்களப் பிள்ளை, தெரிந்த தமிழில் எனக்கு ஒரு வேலை தந்தார். பிள்ளையின் இடது கைப் பெருவிரல் நகத்தை அமுக்கிக் காட்டினார். நகம் வெள்ளையானது. விட்டார். சிவப்புத் திரும்பி வந்தது. "இப்பிடிப் பாருங்க. சிவப்பு வரல்ல எண்டா உடன கூப்பிடுங்க."

அந்த இரவு முழுக்க நான் செய்தது அதுதான். அமுக்குவேன், வெள்ளையாகும், விடுவேன், காத்திருப்பேன். இரண்டு செக்கன் ஒரு யுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்று வரிசையாகப் போய்ச் சின்னவிரலுக்கு வந்ததும் மறுபடியும் பெருவிரல். மூன்று மணி போல விரல்கள் குளிர்ந்த மாதிரி இருந்தது. தாதியைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துக் கையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. வாயில் வந்தது கொச்சிக்கடைச் சிவகாமசௌந்தரி அம்பாள்தான். கலியாணம் முடித்த புதிதில் மாமி கூட்டிக்கொண்டு போன கோயில் அது. "தாயே, இந்தச் சிவப்பு மட்டும் திரும்பித் திரும்பி வரட்டும். வெள்ளியில ஒரு கை செய்து உன்ர காலடியில வைக்கிறன். மட்டக்குளியில இருந்து வெறுங்காலோட பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடந்து வாறன்."

(கை எவ்வளவு பெரிது என்று நான் சொல்லவில்லை. பிற்பாடு இவர், "அளவு சொல்லாமல் விட்டாயே, அது ஒரு புண்ணியம்" என்றார்.)

காலையில் இரண்டு கம்பி போட்டுப் பொருத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குக் காசில்லை, ஆனால் அந்த நேரம் அங்கே மருந்தும் இல்லை. துண்டு எழுதித் தந்தார்கள், வெளியில் வாங்கி வாங்கோ என்று. ஒரு பார்மசியில் இல்லை, அடுத்ததில் இல்லை, மூன்றாவதில் இருந்தது, கேட்ட விலையில் இவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அன்று பின்னேரமே என் நாலு பவுண் கொடி அடைவுக்குப் போனது. தாலியை மஞ்சள் கயிற்றில் கோர்த்துக்கொண்டேன். நகை செய்கிறவன் பெண்சாதி மஞ்சள் கயிற்றோடு திரிகிறாளே என்று இரண்டு பேர் கேட்டார்கள். கேட்கட்டும்.

கம்பி எடுக்கக் குறித்துத் தந்த நாள் மே 10. ஒன்பதாம் திகதி ஊரில் கலவரம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். பிந்தித்தான் எடுத்தோம். முழங்கை விறைத்துப் போயிருந்தது. அப்புறம் மாதக் கணக்கில் பயிற்சி. மாமி நாள் தவறாமல் தேவாரம் முணுமுணுத்தபடி திருநீறு பூசினார். பெற்றோல் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களில் இவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஏழு வயதுப் பிள்ளை, பாரம்தான். இறக்கச் சொன்னால் இறக்க மாட்டார். தான் கூப்பிட்டதால்தான் விழுந்தான் என்று இன்று வரை இவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு கீழே இருந்து அவனைக் கூப்பிடுவதே இல்லை. மேலே ஏறி வந்துதான் கூப்பிடுவார்.

சரி, வெள்ளிக்கு வருவோம். கோயிலடிகளில் தகட்டில் அடித்த கை, கால், கண் எல்லாம் ஆயத்தமாக வாங்கலாம். இவர் வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் இருந்தது பிள்ளையின் வெள்ளி அரைநாண் ஒன்றுதான், 31ஆம் நாளுக்குக் கட்டியது. வெள்ளியை அடைவுக்கு எடுக்கமாட்டோம் என்று கடைக்காரர் அன்று திருப்பித் தந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம்! இப்போது நினைத்தால், அவர் திருப்பித் தந்தாரா, யாராவது தரவைத்தார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலாளியிடம் கேட்டு, வேலை முடிந்த பிறகு மூன்று இரவு பட்டறையில் இருந்து செய்தார். மூசையில் உருக்கித் தகடாக்கி, வாளால் அறுத்து, அரத்தால் ராவி, புளித் தண்ணீரில் போட்டு வெளுக்க வைத்து, ஒரு பழைய சாறித் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார். என் சுட்டுவிரல் நீளம்தான். விரித்துப் பார்த்தேன். ஐந்து விரலிலும் நகம் கீறியிருந்தார். முழங்கை நேராக இல்லை, ஒரு சொட்டு வளைந்திருந்தது. பிள்ளையின் கை இன்றைக்கும் முழுவதுமாக நீட்டுப்படாது, அந்த வளைவு அப்படியே. முழங்கைக்கு மேலே ஊசி முனையால் குத்தியது போல இரண்டு புள்ளி. கம்பி இருந்த இடம். நான் ஒன்றும் கேட்கவில்லை. இவரும் "பெருவிரல் கொஞ்சம் மொத்தமாய்ப் போச்சு" என்றதோடு சரி.

பங்குனித் திருவிழா நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை. வெயிலுக்கு முன் போய்விடலாம் என்று ஐந்தரைக்கே இறங்கினோம். மாமிக்கு நடக்க ஏலாது, கீழ் வீட்டு அண்ணனின் ஓட்டோவில் பின்னால் வருவதாக ஏற்பாடு. முகத்துவாரம் வரைக்கும் ஒன்றுமில்லை. அளுத்மாவத்தை வீதியில் ஏறியதும் துறைமுகத்துக்குப் போகிற கொண்டெய்னர் லொறிகள். கால் வைக்க நடைபாதையில் இடமில்லை, போத்தல் துண்டு, மூடி, கல். என் இடது காலில் ஏதோ ஏறியது. இவர் குனிந்து பிடுங்கிவிட்டார். பிள்ளை, அவனுக்கு இப்போது ஒன்பது, "அம்மா, நான் செருப்புப் போட்டா அம்பாள் கோவிப்பாவா?" என்று இரண்டு தரம் கேட்டான். நேர்த்தி வைத்தது நான், நடக்கிறது அவனும். பாவம்தான். ஆனாலும் நடந்தான்.

கொச்சிக்கடைக்கு வந்ததும் முதலில் அந்தோனியார் தேவாலயத்துக்கு. அண்ணன் அங்கே நிற்கிறார், கையில் ஐந்து மெழுகுதிரி. எங்களுக்காக அந்த இரவே அந்தோனியாருக்கு நேர்ந்தாராம். இரண்டு வருடமாக எங்களிடம் சொல்லவே இல்லை, மனுசன். 2019 ஈஸ்டரன்று அங்கே குண்டு வெடித்ததற்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டும்போது எனக்குக் கால் கொஞ்சம் தயங்கும். அன்று தயங்கவில்லை. பிள்ளை இடது கையால் மெழுகுதிரி கொளுத்தினான்.

கோயில் வீதியில் திரும்பியதும் தொடங்கியது ஆக்கினை. அருச்சனைத் தட்டு விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. ஒருவர் ஒரு விலை சொல்ல, பத்தடி தள்ளி அதே தேங்காய், அதே வாழைப்பழம், பாதி விலை. செருப்புப் பார்க்க 100 ரூபாய் என்று ஒருவன் வந்தான்; எங்கள் காலைப் பார்த்துவிட்டுப் போனான். இன்னொருவர் வந்து, "முன்னுக்குக் கொண்டுபோய் விடுறன், ஏதாவது பார்த்துக் குடுங்கோ" என்று காதுக்குள் சொன்னார். கோயிலுக்குச் சம்பந்தமில்லாத ஆள், வேட்டி மட்டும் சுத்தம். இவர் ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார். சுவாமி வெளி வீதி வரும் நேரம், எங்கே பார்த்தாலும் தலைக்கு மேல் போன். கும்பிட வந்தவர்களுக்குச் சுவாமி தெரியவில்லை, போன்களுக்குத் தெரிந்தது. சனம் நெருக்க நெருக்க, இவர் கழற்றிய சேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளையின் இடது பக்கமாக மதில் போல நின்றார். யாரும் அந்தக் கையில் முட்டிவிடக் கூடாது.

உள்ளே போய்விட்டால் வேறு உலகம். பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி முழுக்கக் கருங்கல்லில் எடுப்பித்தார் என்பார்கள். அந்தக் கல்லின் குளிர்ச்சி வெந்த காலில் ஏறியபோது அவர் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டேன். மண்டபத்தில் எண்ணெய் விளக்கின் அரை இருட்டு. கரண்ட் வெட்டிய காலத்தில் ஒரு தரம் வந்திருக்கிறோம், ஊரே இருட்டாய்க் கிடந்தபோது இங்கே மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அம்பாள் சந்நிதியில் எங்கள் முறை வந்தது. பேர், நட்சத்திரம் சொல்லத் தொடங்கினேன், பிள்ளையின் நட்சத்திரம் மறந்துவிட்டது. பெற்ற தாய்க்கு! பின்னால் இருந்து மாமிதான் சொன்னார். ஐயர் தட்டை வாங்கி, சாறித் துண்டில் இருந்த வெள்ளிக் கையை எடுத்து ஒரு கணம் விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த இரண்டு புள்ளியைக் கண்டாரோ என்னவோ. உள்ளே போய்க் காலடியில் வைத்தார். குங்குமம் எடுத்தார். கையின் நடுவில் வைப்பார் என்று பார்த்தேன். விரல் நுனியில் வைத்தார். ஒவ்வொரு விரலாக, பெருவிரலில் இருந்து சின்னவிரல் வரைக்கும்.

தீபம் காட்டும்போது வெள்ளை வெள்ளியில் ஐந்து சிவப்பு.

நான் என்ன கேட்டிருந்தேன் என்று அவருக்கு யார் சொன்னது? மாமிக்கே தெரியாது. இவருக்கும் தெரியாது, வெள்ளிக் கை என்றுதான் தெரியும். கொடி இன்னும் அடைவில், வீட்டு வாடகை இரண்டு மாதம் பிந்தி, இவருக்கு வேலை இன்னும் பழையபடி இல்லை, இதையெல்லாம் சொல்லி அழ வேண்டும் என்று வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு வந்தேன். ஒரு சொல் வரவில்லை. தாயே, தாயே என்று மட்டும் வந்தது. இரண்டு வருடம் காக்க வைத்தோமே, ஒரு கணக்கும் பார்க்காமல் இருந்தாயே, என் ஆச்சி. திரை போட்டதும் தெரியாது. பின்னால் நின்ற அம்மா, "தங்கச்சி, கொஞ்சம் தள்ளுங்கோ, நாங்களும் கும்பிட வேணும்" என்று தோளில் தட்டிய பிறகுதான் நகர்ந்தேன். அவவிலும் பிழையில்லை.

ஐயர் வெளியே வந்து பிரசாதம் தந்தபோது பிள்ளை இரண்டு கையையும் நீட்டினான். இடது கை ஒரு சொட்டு வளைந்துதான் நீண்டது.

திரும்பி ஓட்டோவில் வந்தோம். நடந்து வருவதாக நேர்ந்தேனே தவிர நடந்து திரும்புவதாக இல்லை. மாமி மடியில் தேங்காய்ப் பாதி, இவர் முன்னால் அண்ணனோடு கதை. பிள்ளை குங்குமச் சரையைப் பிரித்து விரலெல்லாம் பூசிக்கொண்டு என் மேல் சாய்ந்து நித்திரையாகிவிட்டான். அவன் இடது கையை எடுத்துப் பெருவிரல் நகத்தை அமுக்கினேன். குங்குமத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாறித் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினேன்.

"அம்மா, காணும்" என்றான், கண்ணைத் திறக்காமலே.