மாஸ்டடானில் ஆள் தேடிய கதை

2022 அக்டோபர் கடைசியில் ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனதும், நான் பின்தொடர்ந்த பலர் தங்கள் பெயருக்குப் பக்கத்தில், ட்விட்டர் மாதிரியே பதிவு போடும் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தின் முகவரியைப் போட ஆரம்பித்தார்கள். சரி, நாமும் எட்டிப் பார்ப்போம் என்று போனேன்.

வாசலிலேயே கேள்வி: எந்த சர்வர்? மாஸ்டடான் ஒரே கம்பெனி நடத்தும் தளம் இல்லை. ஜெர்மனியில் ஓய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதை நிறுவி ஒரு சர்வர் நடத்தலாம், அந்த சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நான் ஒரு சின்ன சர்வரைப் பிடித்தேன். ஏன் சேர விரும்புகிறேன் என்று எழுதச் சொல்லி, நடத்துபவர் ஒப்புதல் தந்த பிறகுதான் கதவு திறந்தது. எந்த சர்வர் என்று யாரும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் வேறு சர்வருக்கு மாறினால் ஃபாலோயர்கள் கூடவே வந்துவிடுவார்கள், பழைய பதிவுகள்தான் வராது.

உண்மையான தலைவலி உள்ளே போன பிறகு. நண்பர் பெயரைத் தேடினால் ஆளே இல்லை. அவர் பக்கத்தை பிரவுசரில் திறந்து ஃபாலோ அழுத்தினால் லாகின் கேட்கிறது. அது அவருடைய சர்வர், என் கணக்கு அங்கே செல்லாது. கடைசியில் பெயரும் சர்வரும் சேர்ந்த முழு முகவரியை காப்பி செய்து என் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டியதும் ஆள் வந்துவிட்டார். ஆனால் அவர் பக்கம் காலியாக இருந்தது, பழைய பதிவு ஒன்றுகூட இல்லை. அப்புறம் அவர் போட்ட ஒரு பதிவுக்கு எனக்குத் தெரிந்தது இரண்டே பதில்கள். அவர் சர்வரில் போய்ப் பார்த்தால் அங்கே பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்தது!

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். என் சர்வருக்கு மொத்த உலகமும் தெரியாது. அதில் இருப்பவர்கள் யாரையெல்லாம் பின்தொடர்கிறார்களோ, பெரும்பாலும் அவர்களுடைய பதிவுகள்தான் அங்கே வந்து சேரும். சர்வர் சின்னதாக இருந்தால் கண்ணில் படுவதும் குறைவு. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். மாஸ்டடானில் முன்பே இருந்த பழையவர்கள் எல்லோரும் ‘மின்னஞ்சல் மாதிரிதான்’ என்றார்கள். முகவரி வரைக்கும் அது சரி. ஆனால் மின்னஞ்சலில் யாருக்கு எழுதுகிறோம் என்பது முன்பே தெரியும். இங்கே தெரியாதவர்களைக் கண்டுபிடிப்பதுதானே பாதி வேலை?

பொதுப் பதிவுகளில் சொல்லைப் போட்டுத் தேடவும் அப்போது வழியில்லை, ஹேஷ்டேக்தான். 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பில் அந்தத் தேடல் வந்தது. அதுவும் எழுதியவர் அனுமதித்து, சர்வர் நடத்துபவரும் வசதி செய்திருந்தால் மட்டும். எனக்குக் கைகொடுத்தது, ஆளைப் போலவே ஹேஷ்டேக்கையும் ஃபாலோ செய்யும் வசதி. #தமிழ் என்பதை ஃபாலோ செய்ததில் சிலர் கிடைத்தார்கள். அவர்கள் யாருக்கு பதில் எழுதுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து மற்றவர்களைச் சேர்த்தேன்.

2023இல் செயலியில் சேருபவர்களுக்கு மாஸ்டடான்.சோஷியல் என்ற பெரிய சர்வரையே முதலில் காட்ட ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்தால், பல சர்வர்களாகப் பிரிந்திருக்கும் பரவலாக்கம் என்னாவது என்று பழையவர்கள் முணுமுணுத்தார்கள். புதிதாக வருபவருக்கு அதுதான் நல்லது என்பேன். பெரிய சர்வரில் தேடினால் ஆளாவது கிடைப்பார்.