கேட்டரிங் கல்லூரியில் விவாதப் போட்டி: ஓட்டல்காரர்களை உள்ளே கொண்டுவருவது எப்படி?

கேட்டரிங் கல்லூரிகளில் விவாதப் போட்டி பெரும்பாலும் ஆண்டு விழாவின் ஓரமாக நடக்கும். தலைப்பு ஸ்டாஃப் ரூமில் முடிவாகிவிடும். ஓட்டலிலிருந்து வரும் விருந்தினர் பொன்னாடை வாங்கிக்கொண்டு, பரிசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இதில் தொழிலோடு எந்த ஒட்டும் இல்லை. ஒட்ட வேண்டுமானால் தலைப்பு ஓட்டலிலிருந்து வர வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் அணுக வேண்டியது ஜெனரல் மேனேஜரை அல்ல, ஹெச்.ஆர். அல்லது டிரெய்னிங் மேனேஜரை. ஒரே பக்கக் கடிதம் போதும்: "உங்கள் துறைத் தலைவர்கள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், எங்கள் மாணவர்கள் அதை இருபக்கமும் வாதாடுவார்கள்." இதே கடிதத்தில் ஸ்பான்சர்ஷிப் கேட்காதீர்கள். கேட்டால் கடிதம் மார்க்கெட்டிங் மேஜைக்குப் போய் அங்கேயே படுத்துவிடும்.

தேதி வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் ஆடி மாதம், அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, முகூர்த்தம் இல்லாததால் பாங்க்வெட் (விருந்து மண்டபம்) பக்கம் வேலை குறைவு. மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தில் யாரும் தலை நிமிர முடியாது. வார இறுதி வேண்டவே வேண்டாம். செவ்வாய் அல்லது புதன், மதியம் 3 மணிக்கு மேல் என்றால் லஞ்ச் முடிந்திருக்கும், டின்னருக்கு முன் ஊழியரைக் கூட்டிப் பேசும் பிரீஃபிங் தொடங்கியிருக்காது. உங்கள் சீனியர் மாணவர்கள் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங்கில் வெளியே இருக்கும் மாதமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டி நடத்தும் முதல் ஆண்டில் 8 அணிகள், அணிக்கு 2 பேர் போதும். பேச்சு தலா 5 நிமிடம், அணிக்கு ஒரு மறுப்புரை 3 நிமிடம், நடுவர் கேள்வி 6 நிமிடம். ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சுற்று 40 நிமிடம் பிடிக்கும். நான்கு காலிறுதிகளையும் காலையிலேயே ஆசிரியர்களையும் முன்னாள் மாணவர்களையும் நடுவராக வைத்து முடித்துவிடுங்கள். 3:15-க்கு இரண்டு அறைகளில் அரையிறுதி, 4:15-க்கு இறுதிச்சுற்று, 5 மணிக்கு டீயோடு அரை மணி நேரப் பேச்சு. ஓட்டல் நடுவர்கள் 5:30-க்குக் கிளம்பிவிடலாம். இப்படிச் சொல்லி அழைத்தால் மறுப்பவர் குறைவு.

"செயற்கை நுண்ணறிவு ஓட்டல் துறைக்கு வரமா சாபமா" போன்ற தலைப்பு பட்டிமன்றத்துக்கு ஆகும், இங்கே உதவாது. யார், எதை, எந்த அளவில் செய்ய வேண்டும் என்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும். "நட்சத்திர ஓட்டல்கள் சர்வீஸ் பிரிவில் பிரேக் ஷிஃப்ட்டைக் (நடுவில் சில மணி நேரம் விட்டு ஒரே நாளில் இருமுறை வேலை) கைவிட வேண்டும்" நல்ல தலைப்பு. "60 அறைக்குக் குறைவான ஓட்டல்கள் ஆன்லைன் புக்கிங் தளங்களை விட்டு வெளியேற வேண்டும்" என்பதும் அப்படியே. அறை வாடகை 4,000 ரூபாய், கமிஷன் 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஓர் அறைக்கு 720 ரூபாய் போகிறது. நாளுக்கு 25 அறை அந்த வழியில் விற்றால் 18,000 ரூபாய், மாதத்துக்கு 5,40,000 ரூபாய். இந்தப் பணத்துக்கு விற்பனை ஆள் வைத்து நேரடியாக நிரப்பலாமா, நிரப்ப முடியாமல் அறை காலியாகக் கிடந்தால் என்ன போகும்? இதைத்தான் மாணவர்கள் மோதிப் பார்க்க வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே பேசிவிட்டதா என்றும் பாருங்கள். பில்லில் தானாக சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அதனால் "சர்வீஸ் சார்ஜ் சேர்க்கலாமா" என்று கேட்டால் எதிரணி இரண்டே நிமிடத்தில் ஜெயித்துவிடும். "உணவு விலையை உயர்த்தி, அந்த உயர்வை ஊழியருக்குப் பங்கிட வேண்டும்" என்று மாற்றினால் இரு பக்கமும் உயிரோடு இருக்கும்.

தலைப்புக்கான எண்கள் அடங்கிய ஒரே தகவல் தாளை இரு அணிக்கும் 7 நாள் முன்னதாகக் கொடுங்கள். ஓட்டல்கள் உண்மையான வருமானக் கணக்கைத் தர மாட்டார்கள். சதவீதமாகக் கேட்டு, ஓட்டல் பெயரை எடுத்துவிடுவதாக உறுதி சொன்னால் தருவார்கள். தாள் இல்லையென்றால் மாணவர்கள் இணையத்தில் அகப்பட்ட எண்ணையெல்லாம் அள்ளி வீசுவார்கள், சரிபார்க்க ஆளிருக்காது.

அரையிறுதி, இறுதிச்சுற்றுகளில் ஒவ்வொன்றுக்கும் நடுவர் குழு மூன்று பேர்: ஓட்டலிலிருந்து இருவர், விவாத விதி தெரிந்தவர் ஒருவர். எக்ஸிகியூட்டிவ் ஹவுஸ்கீப்பரும் (அறைப் பராமரிப்புத் தலைவர்) சூ ஷெஃப்பும் (தலைமைச் சமையல்காரருக்கு அடுத்தவர்) கேட்கும் கேள்வி, மேலதிகாரி கேட்பதைவிடக் கூர்மையாக இருக்கும். அவசர வேலை வந்து ஒருவராவது கடைசி நேரத்தில் வராமல் போவார் என்பதால் இருவரைக் கூடுதலாகச் சொல்லி வையுங்கள். மதிப்பெண்: வாதம் 40, கணக்கும் சான்றும் 25, மறுப்பு 25, பேச்சுமுறை 10. ஓட்டல் நடுவருக்குக் கண் முதலில் போவது ஷூ பாலிஷிலும் டையிலும். அதற்கு மதிப்பெண் தாளில் இடமே வைக்காதீர்கள். இன்னொரு சிக்கல், தம் சொந்த அனுபவத்துக்கு ஒத்துப்போகும் அணிக்கே அவர்கள் கை சாயும். போட்டிக்கு முன் 20 நிமிடம் உட்காரவைத்து, எந்தப் பக்கம் சரி என்பதை அல்ல, எந்தப் பக்கம் நன்றாக வாதாடியது என்பதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தம் ஓட்டலில் பயிற்சி பெற்ற மாணவர் இருக்கும் சுற்றில் அந்த நடுவர் அமரக் கூடாது.

ஆங்கிலம் மட்டும் என்று வைத்தால் கிச்சன் பிரிவில் கெட்டிக்கார மாணவர்கள் பெயரே கொடுக்க மாட்டார்கள். தமிழும் இருக்கட்டும்.

கோப்பையோடு, டியூட்டி மேனேஜருடன் ஒரு நாள் முழுக்க ஷிஃப்ட் பார்க்கும் வாய்ப்பையும் பரிசாகக் கேளுங்கள். ஓட்டலுக்குப் பெரிய செலவில்லை. வேலை வாக்குறுதி கேட்காதீர்கள், மேடையில் அதைச் சொல்ல ஹெச்.ஆருக்கு அதிகாரம் இருக்காது. ஒரு வாரத்துக்குள் இரு பக்க வாதங்களையும் இரண்டு பக்கத்தில் தொகுத்து, தலைப்பு கொடுத்த ஓட்டலுக்கு அனுப்பி, அடுத்த ஆண்டுக்கான தலைப்பை அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.