சிஎச்எஸ்எல் டைப்பிங் டெஸ்ட்: லேப்டாப் கீபோர்டை மூடி வையுங்கள்

போன வாரம் சிஎச்எஸ்எல் ஃபைனல் லிஸ்ட் வந்தது. பிளஸ் டூ தகுதியில் மத்திய அரசு கிளார்க் வேலைகளுக்கு எஸ்எஸ்சி நடத்தும் தேர்வு அது. என் ரோல் நம்பர் இருக்கிறது. அம்மா பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்றப் போயிருக்கிறார். நான் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன், மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று.

கணக்குக்கும் ரீசனிங்குக்கும் வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கடைசியில் வரும் பத்து நிமிட டைப்பிங் டெஸ்ட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 'அது குவாலிஃபையிங்தானே, பாஸானால் போதும், மார்க் சேராது' என்று எல்லோரும் தள்ளிவிடுகிற பத்து நிமிடம் அது. முதல் தடவை என்னைக் கவிழ்த்ததும் அதுதான். இரண்டாம் கட்டத் தேர்வான டயர் 2இல் மார்க் போதுமான அளவு இருந்தது. டைப்பிங்கில் தகுதி இல்லை என்று வந்தது.

இங்கிலீஷில் நிமிடத்துக்கு 35 வார்த்தை வேகம் வேண்டும், அதாவது பத்து நிமிடத்தில் 1,750 தட்டல். வீட்டில் என் லேப்டாப்பில் நான் 42 அடித்துக்கொண்டிருந்தேன். பத்தாவது லீவில் காரைக்குடியில் டைப்ரைட்டிங் கற்று, லோயர் பரீட்சை பாஸ் பண்ணியவள் வேறு. பயமே இல்லாமல் விடியற்காலை பஸ் பிடித்து மதுரைக்குப் போனேன்.

சென்டரில் இருந்த கீபோர்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கறுப்பு. ஸ்பேஸ் பாரின் வலது ஓரம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. எஃப், ஜே மேலே இருக்கும் மேடு ஆள்காட்டி விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. எண்டர் கீ எல் வடிவத்தில் பெரிது. அதற்கு இடம் விட்டதில், வழக்கமாக எண்டருக்கு மேலே இருக்கும் பேக்ஸ்லாஷ் மேல் வரிசைக்கு ஏறி, பேக்ஸ்பேஸை ஒரு சாதாரண கீ அளவுக்குச் சுருக்கியிருந்தது. வீட்டில் பேக்ஸ்பேஸ் இரண்டு கீ அகலம். என் சுண்டுவிரல் எப்போதும் அதன் இடது பாதியில்தான் போய் விழும். அங்கே அந்த இடத்தில் இருந்தது பேக்ஸ்லாஷ். அதாவது, தப்பை அழிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு சாய்வுக்கோடு கூடுதலாக விழுந்தது. பிறகு இரண்டையும் அழிக்க வேண்டும். மூன்றாவது நிமிடத்திலேயே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அதைவிட மோசம், எழுத்துகள் விழாமல் போனது. 'கவர்ன்மென்ட்' அடித்தால் நடுவில் ஒரு எழுத்து இருக்காது. ஒரு எழுத்து விட்டால் அது முழுத் தவறு. ஸ்பேஸ் விழாமல் இரண்டு சொல் ஒட்டிக்கொண்டால் அரைத் தவறு. என் விரல் அடித்தது, திரையில் வரவில்லை. கீபோர்டு கெட்டுப்போனது என்றுதான் ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரணத்தைச் சொன்னது என் பழைய டைப்ரைட்டிங் மாஸ்டர். இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். ஒரு பழைய கம்ப்யூட்டர் கீபோர்டை எடுத்து முன்னால் வைத்து, "ஒரு பாரா அடிம்மா" என்றார். அவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "நீ அடிக்கலம்மா, ஒத்தி ஒத்தி எடுக்குற. சத்தம் ஒண்ணுபோல விழல பாரு."

லேப்டாப்பில் ஒரு கீ ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். விரல் மேய்ந்தாலே எழுத்து வந்துவிடும். சென்டர்களில் பெரும்பாலும் இருக்கிற மலிவான கீபோர்டில் ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் இறங்கி அந்தக் குமிழ் மடங்கி, அடியில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் தொட்டுக்கொண்டால்தான் எழுத்து. பாதியில் விரலை எடுத்தால் ஒன்றும் இல்லை. நாலு வருட லேப்டாப் பழக்கம் எனக்குப் பாதியில் விரலை எடுக்கத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. ஃபேசிட் டைப்ரைட்டரில் லோயர் அடித்த விரல் இது என்பதை நினைத்தால் எனக்கே ஆற்றாமையாக இருந்தது.

டிவிஎஸ் கோல்டு என்கிற மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாமா என்று கேட்பீர்கள். அருமையான கீபோர்டு, மாஸ்டரிடமும் ஒன்று இருந்தது. ஆனால் அவருடையதில் ஒவ்வொரு கீக்கும் அடியில் இருந்த செர்ரி கம்பெனியின் நீல ஸ்விட்ச், நான்கு மில்லிமீட்டரில் 2.2 வரும்போதே க்ளிக் என்று எழுத்தைப் பதிந்துவிடும். அந்தச் சத்தத்துக்குப் பழகிய விரல் ரப்பரில் திரும்பவும் பாதியில் எழும்பும். வேலை கிடைத்தபின் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் வாங்கப் போகிறேன்.

நான் செய்தது:

கடையில் இருப்பதிலேயே மலிவான வயர் கீபோர்டு ஒன்று. பழைய கம்ப்யூட்டர் விற்பவரிடம் கெட்டியாகிப்போன ரப்பர் கீபோர்டு ஒன்று. எல் வடிவ எண்டர் உள்ளது ஒன்று, இதைத் தேடித்தான் வாங்க வேண்டியிருந்தது. தினம் ஒன்றாக மாற்றி மாற்றி.

முதல் பதினைந்து நாள் வேகம் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கீயும் அடிவரை போகிறதா என்று மட்டும்.

பேக்ஸ்பேஸைக் கீயின் வலது ஓரத்தில் அடிக்கப் பழகினேன். எந்த கீபோர்டாக இருந்தாலும் வலது ஓரம் பேக்ஸ்பேஸ்தான். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டின் பின்னால் இருக்கும் குட்டிக் கால்களை மடக்கிவிட்டேன். தூக்கி வைத்தால் மணிக்கட்டு பின்பக்கம் வளைகிறது, எனக்கு ஆறாவது நிமிடத்தில் வலிக்கும். நிமிர்த்தி வைத்தால்தான் வசதி என்பவர்கள் அப்படியே வையுங்கள்.

இனி திரை. எங்கள் அப்பா கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். இடம் இருக்கிறதே என்று பட்டசாலையில் ஒரு மேசை போட்டு, முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அடிப்பேன். பொங்கலுக்கு வந்திருந்த ஆச்சி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏத்தா, முத்தமே அதுக்குள்ளதான் தெரியுது. எழுத்து எங்க தெரியும்?" என்றார். உண்மைதான். பத்து மணி வெயில் முற்றத்தில் இறங்கி, முட்டைப்பூச்சுச் சுவரில் பட்டு, அத்தனையும் என் திரையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. நான் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேசையைத் திருப்பி வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி போட்டேன். சாயங்காலத் தலைவலி நின்றது.

சென்டரில் மேசையைத் திருப்ப முடியாது. தலைக்கு மேலே டியூப்லைட் இருக்கும். மானிட்டர் டிஎன் பேனல் என்கிற பழைய வகை எல்சிடியாக இருந்தால் கொஞ்சம் மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தாலே நிறம் மங்கும். உட்கார்ந்ததும் மானிட்டரை முன்பின் சாய்த்து, மேலே வரும் பாராவின் எழுத்தும் கீழே பெட்டியில் நாம் அடிக்கும் எழுத்தும் ஒரே அளவு கறுப்பாகத் தெரியும் கோணத்தைப் பிடியுங்கள். மேல் விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டினால் நாற்காலியை உயர்த்துங்கள். இன்னொன்று, பாராவில் வரி முடியும் இடமும் பெட்டியில் வரி முடியும் இடமும் ஒன்றாக இருக்காது. வரி முனையை அடையாளம் வைத்துப் படிக்கிறவர்கள் அதை விட்டுவிடுங்கள். சொல்லைத்தான் பிடிக்க வேண்டும்.

நான் எழுதியபோது டைப்பிங் வந்தது இரண்டே கால் மணி நேரம் திரையைப் பார்த்து மற்ற கேள்விகளை முடித்த பிறகு. அதனால் காலையில் தெளிந்த கண்ணோடு பழகிப் பயனில்லை. நான் முழு மாக் டெஸ்ட் எழுதிவிட்டு, அதே நாற்காலியில்தான் பத்து நிமிடம் அடிப்பேன். முதல் வாரம் வேகம் 33க்கு விழுந்தது. அதுதான் என் உண்மையான வேகம்.

இரண்டாம் தடவை திருச்சி. நேரம் ஓடத் தொடங்கும் முன் எஃப், ஜே மேட்டைத் தடவிப் பார்த்தேன், ஷிஃப்ட் இரண்டும் இறங்குகிறதா என்று அழுத்தினேன், பேக்ஸ்பேஸ் எவ்வளவு அகலம் என்று பார்த்தேன். இடது ஷிஃப்ட் சிக்கியது. கையைத் தூக்கினேன். கண்காணிப்பாளர் முகம் சுளித்தார், ஆனாலும் கீபோர்டை மாற்றிக் கொடுத்தார். நேரம் ஓட ஆரம்பித்தபின் கேட்டால் போன நிமிடம் நம்முடையதுதான், அதனால் கூச்சப்படாமல் முன்பே கேளுங்கள். பக்கத்தில் ஒரு பையன் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தான். நான் என் கீபோர்டின் சத்தத்தை மட்டும் கேட்டேன். ஒன்றுபோல விழுந்துகொண்டிருந்தது.

அந்த மூன்று கீபோர்டும் இப்போது எதிர்வீட்டுத் தம்பியிடம். அவனுக்கு இந்த வருடம் டயர் 2. நேற்று எட்டிப் பார்த்தேன், மூன்றையும் அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருந்தான். லேப்டாப்பை அவன் அம்மாவிடம் கொடுத்து பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.