கச்சான் காலத்தில மாபிள் சுவர்

திருகோணமலை உப்புவெளியில ஒரு வீட்டு ஹோலுக்கு மாபிள் மாதிரிப் பெயின்ற் அடிக்கிறன். கச்சான் எண்ட வறண்ட காத்து வீசேக்க தண்ணிப் பெயின்ற் கை எடுக்கமுதல் காய்ஞ்சிடும். அதால மெதுவாக் காயிற, ஊடுதெரியிற கிளேஸ் கலந்து, ஜன்னலைச் சாத்திப்போட்டு விடியவே தொடங்கிறது.

காய்ஞ்ச வெள்ளைப் பூச்சுக்கு மேல சாம்பல் கிளேஸைப் பஞ்சால ஒத்தி, மெத்தென்ற உலர்ந்த பிரஷால கலங்கவைப்பன். ஈரம் இருக்கேக்கையே கோழி இறகை நிறத்தில தோய்ச்சு, விரலுக்குள்ள உருட்டி உருட்டி இழுத்தால் மாபிளில இருக்கிற மாதிரி நரம்புக்கோடு ஓடும். ஒரு இடத்தில தடிக்கும், ஒரு இடத்தில அறும். எல்லாம் ஒரு பக்கமாச் சாய்ஞ்சு ஓடவேணும். நேர்கோடு விழுந்தால் பெயின்ற் எண்டு காட்டிக்குடுத்திடும்.

வீட்டுக்காரர் சீலிங்குக்கு மேகம் கேட்டவை. பதிவான சீலிங், அதில மேகம் தலையில இடிக்கிற மாதிரித்தான் இருக்கும் எண்டு சொல்லிப்போட்டன்.

கடற்கரைப் பக்கச் சுவரில உப்புப் பூத்திருந்தால், முதல்ல ஈரம் வாற வழியை அடைச்சு, உப்பைச் சுரண்டி எடுங்கோ. இல்லாட்டி எந்த மாபிளும் பொருக்கெழும்பி உதிரும்.